ஆறினது இறக்கும், சூடானது ஏற்றும்

ரயிஸ் ஷௌகி மாத்திரை அட்டையை ஜன்னல் வழியாக நைல் நதியில் வீசிய அன்று அவருடைய இரத்த அழுத்தம் நூற்றெண்பதுக்கு நூற்றுப்பத்து. வீசிய கையாலேயே உப்பில் ஊறிய மீனில் ஒரு துண்டு எடுத்து, பச்சை வெங்காயத்தோடு ரொட்டியில் சுருட்டி வாயில் போட்டுக்கொண்டார்.

"ஆத்து மீனுக்கு எதுக்குங்க மாத்திரை?" என்றாள் அவர் மனைவி நப்ரா. "அதுக்கும் பிரஷரா?"

"எனக்கே இனிமே பிரஷர் கிடையாது."

"எப்போலேர்ந்து?"

"இன்னிலேர்ந்து. அக்கா சொல்லிட்டா."

அக்கா தஹீபா எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து, கைபேசியை ஒரு முழத் தூரத்தில் பிடித்துக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள். அறுபத்தேழு வயது. கண்ணாடி போட்டால் வயதாகிவிடும் என்று அதைப் பைக்குள்ளேயே வைத்திருப்பவள். குவைத்தில் இருக்கும் அவள் மகன் மாதம் ஒருமுறை பணம் அனுப்புவான், நாளைக்கு ஏழுமுறை வைத்தியக் குறிப்பு அனுப்புவான். இன்று வந்திருந்தது கர்கதே என்கிற செம்பருத்திப் பானத்தைப் பற்றியது.

"கேளு நப்ரா. கர்கதேயோட பதினேழு பலன். ஒண்ணு, பிரஷர் இறங்கும். ரெண்டு, கொழுப்பு கரையும். மூணு, கல்லீரல் விளக்கி வச்ச பாத்திரம் மாதிரி ஆயிடும். நாலு, எடை குறையும். அஞ்சு, முடி கொட்டாது..."

"மதினி, நாம பொறந்ததுலேர்ந்து கர்கதேதான் குடிக்கிறோம். கல்யாணத்துக்குக் குடிச்சோம், சுன்னத்துக்குக் குடிச்சோம், வந்தவன் போனவனுக்கெல்லாம் ஊத்திக் குடுத்தோம். உங்க எடையையும் என் முடியையும் பாத்துட்டு அப்புறம் படிங்க."

"முறை தெரியாம குடிச்சோம்டி! அதான் பலிக்கல. ஆறினது பிரஷரை இறக்கும், சூடானது ஏத்தும். எனக்குத் தாழ்ந்த பிரஷர், அதனால நான் சூடாத்தான் குடிக்கணும். தம்பிக்கு ஏறின பிரஷர், அவன் ஆறினதத்தான் குடிக்கணும். இது தெரியாம மாத்திக் குடிச்சவங்க எத்தனை பேர் மண்ணுக்குள்ள போயிட்டாங்களோ!"

"வெதுவெதுப்பா குடிச்சா?"

தஹீபா யோசித்தாள். "பிரஷர் நின்ன இடத்துலயே நிக்கும்," என்றாள்.

சிரிப்பு வந்தது நப்ராவுக்கு. ஆனால் சிரிக்க முடியவில்லை. போன வருடம் இதே வீட்டுப் பெரியவர், ஷௌகிக்கும் தஹீபாவுக்கும் மூத்தவரான ஸாபிர், படகின் சுக்கானைப் பிடித்தபடியே ஒரு பக்கமாகச் சாய்ந்தார். வாய் கோணி, கை விழுந்து, நாற்பது நாள் கிடந்து போனார். அவரும் இப்படித்தான், "மாத்திரை ஆரம்பிச்சா நிறுத்த முடியாது, அதனால ஆரம்பிக்கவே மாட்டேன்" என்று சொன்னவர். அந்தப் படகைத்தான் இப்போது ஷௌகி ஓட்டுகிறார், ரயிஸ் என்கிற படகுத் தலைவர் பட்டமும் அதோடு வந்ததுதான். அஸ்வானுக்கும் எதிர்க்கரைக்குமாக நாள் முழுக்க ஆள் ஏற்றி இறக்குகிறார். சுக்கான் அதே சுக்கான். பிடித்திருக்கும் கையின் குடும்பமும் அதே குடும்பம்.

"டாக்டர் எழுதிக் குடுத்தது தினமும் சாப்பிடணும்னு சொன்னாருங்க."

"டாக்டருக்கு மாத்திரை வித்தாத்தான் வயிறு நெறையும். செம்பருத்திக்கு என்ன லாபம்? அது செடி. பொய் சொல்லாது." ஷௌகி மீன் வாசனையடித்த விரல்களை நக்கிக்கொண்டார். "நாளைலேர்ந்து காலைல ஒரு கோப்பை ஆறின கர்கதே. சர்க்கரை நல்லாப் போடு, இல்லேன்னா புளிக்கும்."

"எத்தனை கரண்டி?"

"மருந்துக்கு அளவு பாப்பாங்களா? அஞ்சு போடு."

*

மருந்துக்கடைக்காரரானாலும் ஊருக்கு டாக்டரான கிர்கிஸ் கண்ணாடிக்கு மேலே நப்ராவைப் பார்த்தார்.

"பொடி பண்ணலாமான்னா கேக்குறீங்க ஹஜ்ஜம்மா?"

"கேக்குறேன்."

"இந்த மாத்திரையைப் பொடி பண்ணலாம். எதுக்கு?"

"சிலபேருக்கு முழுங்க வராது பாருங்க. பல்லு இல்லாதவங்க..."

"ரயிஸுக்குப் பல்லு முப்பத்திரண்டும் இருக்கே. நேத்துக்கூடக் கரும்பு கடிச்சுக்கிட்டுப் போனாரு."

"நான் ரயிஸ்னு சொன்னேனா?"

"இல்ல."

"அப்போ நீங்களும் சொல்லாதீங்க."

கிர்கிஸ் மாத்திரை அட்டையை எடுத்து வைத்தார். ஆனால் கையை அதன் மேலிருந்து எடுக்கவில்லை. "யாருக்குக் குடுத்தாலும் சொல்லிட்டுக் குடுங்க. சொல்லாம குடுக்கறது தப்பு."

"சொன்னா அவர் குடிக்க மாட்டாரு டாக்டர். குடிக்கலேன்னா செத்துடுவாரு. செத்ததுக்கப்புறம் நான் ரொம்ப நேர்மையான விதவையா இருப்பேன். எல்லாரும் பாராட்டுவாங்க."

கிர்கிஸ் கையை எடுத்துவிட்டார்.

ஏலக்காய் இடிக்கிற சிறிய உரலில்தான் மாத்திரையை இடித்தாள். மாவாக்கி, முதல்நாளே ஊறவைத்து வடிகட்டிய கர்கதேயில் போட்டுக் கலக்கினாள். ஆட்டு இரத்தம் மாதிரி சிவந்த நிறம், பல் கூசுகிற புளிப்பு, அதை அமுக்குகிற அளவுக்கு ஐந்து கரண்டிச் சர்க்கரை. உள்ளே மாத்திரை என்ன, மாத்திரைக் கடையையே கரைத்திருந்தாலும் வெளியே தெரிந்திருக்காது. தஹீபாவின் பதினேழு பலன்களில் இந்தப் பலன் இல்லை. நப்ராவுக்கோ இது ஒன்றே போதுமானதாக இருந்தது.

ஷௌகி ஒரே மூச்சில் குடித்துவிட்டு உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

"வல்லாஹி, அல்லா மேல ஆணையா, உடனே தெரியுது."

"என்ன தெரியுது?"

"இறங்குது."

கோப்பை இன்னும் அவர் கையை விட்டே இறங்கவில்லை.

*

மூன்று வாரம் கழித்து கிர்கிஸ் ஷௌகியின் கையில் பட்டையைச் சுற்றி, அமுக்கி, காற்றை விட்டார். நூற்று முப்பதுக்கு எண்பத்தைந்து. திரும்பவும் சுற்றிப் பார்த்தார். அதேதான்.

"பாருங்க டாக்டர்! பாருங்க!" ஷௌகி சட்டைக் கையை இறக்காமலேயே எழுந்து நின்றார். "இத்தனை வருஷம் படிச்சீங்களே, என்ன பிரயோஜனம்? என் அக்கா எழுத்துக்கூட்டித்தான் படிப்பா. அவ சொன்னது பலிச்சுது!"

கிர்கிஸ் நப்ராவைப் பார்த்தார். குழந்தைப் பவுடர் அடுக்கியிருந்த பலகையில் அவளுக்கு அப்போது என்ன வேலை இருந்ததோ, அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கர்கதே நல்லதுதான் ரயிஸ்," என்றார் கிர்கிஸ் மெதுவாக. "கொஞ்சம் இறக்கும். சூடு, ஆறினதுன்னு வித்தியாசமெல்லாம் இல்ல. ஆனா மாத்திரை செய்யற வேலையை அது செய்யாது."

"செஞ்சிருக்கே!"



அன்றிலிருந்து படகு வைத்தியசாலையாகிவிட்டது. இந்தக் கரையில் ஏறியவர் அந்தக் கரையில் இறங்குவதற்குள் நோய் தீர்ந்தாக வேண்டும். சுக்கானை இடுப்பால் முட்டுக் கொடுத்துக்கொண்டு இரண்டு கையையும் ஆட்டி ரயிஸ் பேசுவார்.

"ரயிஸ், எனக்குச் சர்க்கரை வியாதி."

"கர்கதே குடி. சர்க்கரை மட்டும் நாலு கரண்டியோட நிறுத்திக்கோ."

"எனக்கு வலது முட்டி வீங்குது, இடது முட்டி மரத்துப்போகுது."

"வலதுக்கு ஆறினது. இடதுக்குச் சூடா."

"ரெண்டும் ஒரே வயித்துக்குள்ளதானே போகும்?"

"அது அதோட வழி அதுக்குத் தெரியும். மோட்டார் சத்தத்துல தத்துவம் பேசாதே."

காய்கறிக் கூடையோடு உட்கார்ந்திருந்த கிழவி ஒருத்தி கேட்டாள், "மோட்டார் இருமுதே, அதுக்கும் ஒரு கோப்பை ஊத்திப் பாக்கறதுதானே?" எல்லாரும் சிரித்தார்கள். ஷௌகியும் சிரித்தார். நோயில்லாதவன் சிரிப்பு அது. அவர் அப்படிச் சிரித்து நப்ரா பார்த்து வெகுநாளாயிருந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது அவளுக்கு, ஒரு செவ்வாய்க்கிழமை வரைக்கும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அடுத்த அட்டை வாங்கப் போனபோது கிர்கிஸ் கேட்டார், "ஹஜ்ஜம்மா, துறைப் பக்கத்து ஆளுங்க ஆறு பேர் இந்த மாசம் பிரஷர் மாத்திரை வாங்க வரல. ஏன்னு தெரியுமா?"

"ஊருக்குப் போயிருப்பாங்க."

"ஆறு பேரும் தினமும் உங்க வீட்டுக்காரர் படகுலதான் போறாங்க."

நப்ரா நேரே வீட்டுக்கு வந்தாள். ஷௌகி சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பித்தாள்.

"கர்கதே குடிக்கச் சொல்லுங்க, வேணாங்கல. மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீங்க."

"ஏன்?"

"எல்லார் உடம்பும் ஒண்ணா?"

"பொறாமை உனக்கு. நான் நாலு பேருக்கு நல்லது செய்யறது பொறுக்கல."

"நாலு இல்லீங்க, ஆறு."

"பாத்தியா! எண்ணி வச்சிருக்கே!"

சொல்லிவிடலாம். "உங்களுக்கு இறங்கினது என் உரல்லேர்ந்து" என்று ஒரு வாக்கியம்தான். சொன்னால் ஆறு பேர் பிழைப்பார்கள். ஆனால் அதற்கப்புறம் ஷௌகி அவள் கையால் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார். மாத்திரையையும் தொடமாட்டார், வீம்புக்காகவே தொடமாட்டார். ஸாபிர் சாய்ந்த அதே இடத்தில் இவரும் சாய்வார். நப்ரா வாயைத் திறந்தாள். மீன் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு மூடிக்கொண்டாள்.

*

வெள்ளிக்கிழமை காலை, நிழலிலேயே நாய் நாக்கைத் தொங்கப்போடுகிற வெயிலில், வெறும் வயிற்றோடு நடந்து வந்து சேர்ந்தாள் தஹீபா. ஷௌகி அப்போதுதான் கோப்பையைக் கையில் எடுத்திருந்தார். இன்னும் வாய் வைக்கவில்லை.

எங்கள் கரையில் விருந்தாளி வாசலில் கால் வைத்துவிட்டால், வீட்டுக்காரன் கையில் இருக்கும் கோப்பை அவனுடையது இல்லை. இன்னொன்று உள்ளே தயாராக இருந்தாலும் கையில் இருப்பதைத்தான் கொடுக்க வேண்டும். அதுதான் மரியாதை. வாங்க மறுத்தால் வீட்டையே மறுத்த மாதிரி. ஷௌகி நீட்டினார். தஹீபா உட்கார்ந்து வாங்கிக்கொண்டாள். நப்ராவின் கையிலிருந்த சல்லடை கீழே விழுந்தது.

"மதினி, அது வேணாம்! ஆறினது! உங்களுக்குத் தாழ்ந்த பிரஷர்!"

"அட, ஞாபகப்படுத்தினியே மகராசி." தஹீபா எழுந்தாள். "சூடாக்கிக்கிட்டா போச்சு."

கோப்பையோடு நேரே அடுப்படிக்குப் போய்விட்டாள். நப்ரா பின்னாலேயே ஓடினாள்.

"குடுங்க மதினி, நான் புதுசாப் போட்டுத் தரேன்."

"இருக்கறதைக் கொட்டிட்டுப் புதுசு போடறதா? உங்கப்பன் வீட்டுல செம்பருத்திக் காடா இருக்கு?"

"அதுல எறும்பு விழுந்துடுச்சு."

"எறும்பு தின்னா கண்ணு தெளியும்."

"ஈயும் விழுந்துது!"

"நீ விழாம இருந்தா சரி. தள்ளு, தீ பக்கத்துல வந்து இடிக்காதே."

கொதிக்கக் கொதிக்கக் குடித்தாள். அடியில் நின்ற மண்டியையும் விரலால் வழித்து நாக்கில் தடவிக்கொண்டாள். "இன்னிக்கு என்னமோ கொஞ்சம் கசக்குதே," என்றாள்.

"அதான் மருந்து குணம்," என்றார் ஷௌகி வெளியிலிருந்து.

ஒரே ஒரு மாத்திரைதானே, ஒன்றும் ஆகாது என்று நப்ரா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ரொட்டி கொண்டுவந்து வைத்தாள், அவரைக் குழம்பு வைத்தாள். தஹீபா பேச்சு மும்முரத்தில் ஒரு வாய்கூட எடுக்கவில்லை. குவைத் மகன், மருமகள், மருமகளின் அம்மா, அந்த அம்மாளின் பேராசை என்று ஒரு மணி நேரம் போனது. கடைசியில், "நேரமாச்சு, கிளம்பறேன்," என்று எழுந்து நின்றாள். நின்றவள் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. "யாருடா விளக்கை அணைச்சது?" என்று பட்டப்பகலில் கேட்டாள். அப்படியே மடங்கிப் பாய் மேல் விழுந்தாள்.

"அக்கா!"

ஷௌகி அலறிய அலறலில் துறையிலிருந்து நாலு பேர் ஓடிவந்தார்கள். ஒருவன் கிர்கிஸை அழைத்துவர ஓடினான். மற்றவர்கள் வழக்கம்போல வைத்தியம் பார்த்தார்கள்.

"பிரஷர் இறங்கிடுச்சு. சூடா கர்கதே குடுங்க."

"சூடாத்தானே குடிச்சா!"

"சூடா குடிச்சா ஏறணுமே?"

"ஏறல, விழுந்துட்டா."

"மொதல்ல ஆறினதா இருந்து அப்புறம் சூடாக்கினதா? அப்போ அதுக்கு ஆறின குணம்தான். ஒருதடவை ஆறினது ஆறினதுதான்."

"அப்படின்னா கொதிக்க வச்சு ஆற வச்சா?"

"அது சூட்டு குணம்."

"அப்போ ரயிஸ் ஒரு மாசமா குடிச்சது?"

தஹீபா பாயிலிருந்து முனகினாள்.

கிர்கிஸ் வந்தார். கையில் பட்டையைச் சுற்றினார். எண்பதுக்கு ஐம்பது. தஹீபாவின் காலை உயர்த்தித் தலையணை மேல் வைத்தார். பிறகு யாரையும் குறிப்பாகப் பார்க்காமல், ஆனால் ஒருத்திக்கு மட்டும் கேட்க வேண்டியதாகக் கேட்டார்.

"இவங்க இன்னிக்கு ஏதாவது மருந்து சாப்பிட்டாங்களா? எனக்குத் தெரிஞ்சாகணும். தெரியாம நான் ஒண்ணும் குடுக்க முடியாது."

"என் அக்கா மருந்தே தொடமாட்டா," என்றார் ஷௌகி.

"சாப்பிட்டாங்க," என்றாள் நப்ரா.

எல்லாத் தலையும் திரும்பியது.

"உங்க கோப்பையில இருந்தது. தினமும் உங்களுக்குப் பொடி பண்ணிப் போடறது. ஒண்ணுதான் போட்டேன் டாக்டர், ஒரே ஒண்ணு."

கிர்கிஸ் தலையை ஆட்டினார். "வெறும் வயிறு, இந்த வெயில், ஏற்கெனவே தாழ்ந்த பிரஷர், அதுக்கு மேல இது. பயப்படாதீங்க, சரியாயிடும். நல்லாத் தண்ணி குடுங்க. உப்பு மீன் இருந்தா அதுவும் ஒரு துண்டு குடுங்க. இந்த வீட்டுல அதைச் சாப்பிட வேண்டிய ஒரே ஆள் இவங்கதான்."

ஷௌகியின் காதில் எதுவும் விழுந்ததாகத் தெரியவில்லை. நப்ராவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தினமுமா?"

"தினமும்."

"மொத நாள்லேர்ந்தா?"

"மொத நாள்லேர்ந்து."

"அப்போ அன்னிக்கு எனக்கு உடனே இறங்கினது..."

"அது மட்டும் நீங்களா இறக்கிக்கிட்டது."

யாரோ மூக்கால் சிரித்தார்கள். ஷௌகியின் முகம் கர்கதேயைவிடச் சிவந்தது. "முப்பது வருஷம் உன் கையால தின்னேன். கண்ணை மூடிக்கிட்டுத் தின்னேன். இனிமே உன் கையால ஒரு சொட்டுத் தண்ணி... இந்த ஊரே கேளுங்க, இனிமே ஒரு சொட்டு..."

"டேய் தம்பி." பாயிலிருந்து குரல் வந்தது. தஹீபா கண்ணைத் திறந்திருந்தாள். "கத்தாதே. தலை சுத்துது."

"அக்கா, இவ உனக்கு விஷம் வச்சுட்டா!"

"எனக்கு வைக்கல. புடுங்கத்தான் பாத்தா. நான்தான் எறும்போட சேத்துக் குடிச்சேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஸாபிர் அண்ணனுக்கும் நான் கர்கதேதான் குடுத்தேன். தெரியுமா உனக்கு? நாற்பது நாளும் குடுத்தேன். ஆறினது, ஆற வச்சு ஆற வச்சுக் குடுத்தேன். கோணின வாயில ஊத்தினது பாதி தலையணைக்குப் போகும்."



"அவனுக்கு இந்த மாதிரி ஒரு திருட்டுப் பொண்டாட்டி வாய்க்கலியேடா," என்றாள் தஹீபா. "வாய்ச்சிருந்தா இன்னிக்கு அவன்தான் சுக்கான் புடிச்சிருப்பான். நீ அவன்கிட்ட எடுபிடியா இருந்திருப்பே."

ஷௌகி உட்கார்ந்துவிட்டார். துறையிலிருந்து வந்தவர்களுக்கு அங்கே நிற்பது சரியாகப் படவில்லை. ஒவ்வொருவராக நழுவினார்கள். கிர்கிஸ் மறுபடியும் தஹீபாவின் கையில் பட்டையைச் சுற்றினார். தொண்ணூற்றைந்து வந்திருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, தரையைப் பார்த்துக்கொண்டே ஷௌகி சொன்னார், "எங்கே அது? காட்டு."

நப்ரா உள்ளே போய் அட்டையோடு வந்தாள். ஒன்றைப் பிதுக்கி அவர் உள்ளங்கையில் வைத்தாள். கயிறு இழுத்துக் காய்த்துப்போன கை. அதன் நடுவில் அரிசிக் குருணை மாதிரி கிடந்தது.

"இத்தனூண்டா?" என்றார் ஷௌகி.

"இத்தனூண்டுதான்."

"இதுவா எல்லாம் செஞ்சுது?"

"கர்கதேயும் கூட இருந்து பாத்துக்கிச்சு," என்றாள் நப்ரா.

தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். அவள் கையிலிருந்த கோப்பையை அவர் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், பிறகு வாங்கினார். மாத்திரையை வாயில் போட்டு, ஏதோ பெரிய மீன் முள்ளை விழுங்குகிறவர் போலக் கழுத்தை நீட்டி விழுங்கினார்.

"கசக்குது."

யாரும் பரிதாபப்படவில்லை.

"ரயிஸ்," என்றார் கிர்கிஸ், பையை மூடிக்கொண்டே. "அந்த ஆறு பேர்."

"எந்த ஆறு பேர்?"

"நீங்க குணப்படுத்தினவங்க."

ஷௌகி திடுக்கிட்டார். "அவங்ககிட்ட யார் சொல்றது? டாக்டர், நீங்களே பக்குவமா..."

"என்கிட்டதான் அவங்க வர்றதில்லையே."

"நப்ரா, நீ வேணா படகுல ஒருநாள் வந்து..."

"நான் பொம்பளை, எனக்கென்னங்க தெரியும்? நாலு பேருக்கு நல்லது செய்யறவர் நீங்க. ஜும்ஆ தொழுகைக்கு அக்கரைக்குப் போற கூட்டம் இப்போ துறையில நிக்கும். ஆறு பேரும் இருப்பாங்க. மோட்டார் போடறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க, இல்லேன்னா சத்தத்துல கேக்காது."

"இப்பவேயா?"

"இப்பவே போடா," என்றாள் தஹீபா, மீன் துண்டை மென்றுகொண்டே. "நானும் குடிச்சுட்டு விழுந்தேன்னு சேத்துச் சொல்லு. வெக்கப்படாதே."

துறையிலிருந்து ரயிஸ், ரயிஸ் என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். ஷௌகி எழுந்து தலைப்பாகையை அவிழ்த்து, உதறி, மறுபடி கட்டினார். பிறகு செருப்பைத் தேடத் தொடங்கினார். பாய்க்கு அடியில் பார்த்தார், தண்ணீர்ப் பானைக்குப் பின்னால் குனிந்து பார்த்தார், இரண்டு தடவை அடுப்படி வரை போய்வந்தார். செருப்பு வாசலில், எப்போதும் கிடக்கிற இடத்திலேயே ஜோடியாகக் கிடந்தது. நப்ரா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். எடுத்துக் கொடுக்கவில்லை.